நாலு கிராம் உப்பு

அப்பா தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அவருடைய சைக்கிள் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குழாய் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடக்கும். அடியில் ஈயக்குண்டு, மேலே ஒல்லியான தண்டு, தண்டுக்குள் சுருட்டிச் செருகிய காகிதத்தில் கோடுகள். லீவு நாளில் நானும் அளத்துக்குப் போனால் எனக்கு ஒரே வேலைதான். "ஏல, மூணாம் பாத்தில டிகிரி பாத்துட்டு வா." பாத்தித் தண்ணீரை உயரமான தகரக் குவளையில் மொண்டு, குழாயை மெல்ல இறக்கிக் கையை எடுத்தால் அது ரெண்டு முறை முங்கி எழுந்து நேராக நிற்கும். தண்ணீர் மட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதை வரப்பில் நின்றபடி கத்திச் சொல்ல வேண்டும். 18 என்றால் அப்பா தலையை மட்டும் ஆட்டுவார். 24 என்றால் எழுந்து வந்து தானே ஒருமுறை பார்ப்பார்.

அந்த டிகிரி வெயிலின் டிகிரி இல்லை. தண்ணீர் எவ்வளவு கனம் என்பதன் அளவு. அந்தோன் போமே என்ற பிரெஞ்சுக்காரர் 1768-இல் வகுத்த அளவுகோல் அது. கடல் தண்ணீர் அதில் 3 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். அது வெயிலில் கிடந்து சுண்டிச் சுண்டி 25-ஐத் தாண்டும்போதுதான் உப்பு விளையத் தொடங்கும். அதற்குள் பத்துக் குடம் தண்ணீரில் ஒன்பது குடம் காற்றில் போயிருக்கும். அதற்கு முன்பே, 15 டிகிரி வாக்கில், ஜிப்சம் பாத்தித் தரையில் படிந்துவிடும், ஆகவே அந்தத் தண்ணீரை வேறு பாத்திக்கு மாற்றிய பிறகுதான் உப்பு எடுப்பார்கள். 29, 30 வந்துவிட்டால் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அதில் மெக்னீசியம் திரண்டிருக்கும், அதற்குப் பெயரே கசப்புத் தண்ணீர். அதையும் சேர்த்து வாரிவிட்டால் உப்பு நாக்கில் கசக்கும், மழைக்காலத்தில் ஜாடிக்குள்ளேயே ஈரம் இழுத்து ஒழுகும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் படிப்பதற்கு முன்பே கடல் தண்ணீருக்குள் ஒன்றல்ல, பல உப்புகள் இருக்கின்றன, அவை வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாக இறங்கும் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

பிறகு கடலியல் படிக்கப் போனேன். முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய எண் 35. ஒரு கிலோ கடல் தண்ணீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. அதில் பாதிக்கு மேல், 55 சதவீதம், குளோரைடு. 30 சதவீதத்துக்குச் சற்று மேல் சோடியம். அப்புறம் சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். இந்த ஆறும் போனால் மீதி ஒரு சிட்டிகைகூடத் தேறாது. என்னை உட்கார வைத்தது அடுத்த செய்தி. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்தபோது பிடித்த தண்ணீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் ஒவ்வொன்றாகப் பகுத்துப் பார்த்து 1884-இல் முடிவை வெளியிட்டார். எந்தக் கடலில், எந்த ஆழத்தில் எடுத்தாலும் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். ஆனால் அந்த உப்புகளுக்குள் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறுவதே இல்லை. உலகம் முழுக்க ஒரே மசாலா, தண்ணீர்தான் கூடக்குறைய.

இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு உப்பை அளந்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். நாங்கள் ஆய்வகத்தில் செய்ததும் அதுதான். கடல் தண்ணீரில் மஞ்சளாக ஒரு சொட்டு பொட்டாசியம் குரோமேட் விட்டு, மேலேயிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டுகொண்டே இருக்கும், குளோரைடு தீர்ந்த அந்தக் கணத்தில் மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாறும். ஒரு சொட்டு அதிகம் விட்டால் கணக்கு போச்சு. இன்று யாரும் இப்படி அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்தே உப்பைச் சொல்லிவிடுகிறார்கள். 1978 முதல் அதற்கென்று ஒரு அளவுமுறையும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் செங்கல் நிறம் வரும் கணத்துக்காகக் காத்திருந்த மாணவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஏன் கடல் உப்பாக இருக்கிறது என்று அம்மா ஒருமுறை கேட்டாள். ஆறுகள் பாறையைக் கரைத்துக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேன். "அப்போ ஆத்துத் தண்ணி ஏன் உப்பா இல்ல? தாமிரபரணில குளிச்சா இனிக்குதே" என்றாள். நியாயமான கேள்வி. ஆற்றில் வருவதில் கால்சியமும் பைகார்பனேட்டும்தான் அதிகம். அந்தக் கால்சியத்தைச் சிப்பியும் சங்கும் பவளப்பூச்சியும் ஓடு கட்ட எடுத்துக்கொள்கின்றன. சோடியத்தையும் குளோரைடையும் அப்படி எடுத்துத் தீர்ப்பவர்கள் இல்லை, உள்ளே வந்தது கோடிக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். குளோரைடில் பெரும்பங்கு பூமியின் வயிற்றிலிருந்து எரிமலை வழியாக வெளியே வந்தது. இதையும் சொன்னேன். மன்னார் வளைகுடா சங்கும் முத்துச்சிப்பியும் ஆற்றின் சுண்ணாம்பைத் தின்று வளர்ந்தவை என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 35 என்பது சராசரி. நம் இந்தியத் தீபகற்பத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கடல், ஒரே அட்சரேகை, ஒரே வெயில். ஆனால் அரபிக்கடலின் மேல்தண்ணீரில் கிலோவுக்கு 36 கிராம், அதற்கு மேலும் உப்பு. வங்காள விரிகுடாவின் நடுவில் 32, 33. வடக்கே கங்கை முகத்துவாரம் பக்கம் போனால் பருவமழை முடியும் சமயத்தில் 30-க்கும் கீழே. வித்தியாசம் நாலு கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. வாயில் ஊற்றிப் பார்த்தால் நாக்குக்கு இரண்டும் ஒரே கரிப்புதான். இந்த நாலு கிராமைப் பற்றித்தான் இந்தப் பதிவு முழுக்க.

அரபிக்கடலுக்குப் பெரிய ஆறு என்று பார்த்தால் சிந்து, நர்மதை, தபதி அவ்வளவுதான். மேலே வறண்ட காற்று, வானம் தருவதைவிட வெயில் எடுப்பது அதிகம். போதாதற்குப் பாரசீக வளைகுடாவிலிருந்தும் செங்கடலிலிருந்தும் கிலோவுக்கு 40 கிராம் அளவுக்கு உப்பேறிய தண்ணீர் வந்து அடியில் கலக்கிறது. அது ஒரு பெரிய உப்பளத்தின் முதல் பாத்தி மாதிரி. வங்கக்கடல் நேர்மாறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் இதற்குள்தான். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து மட்டும் ஆண்டுக்கு 1,000 கன கிலோமீட்டருக்கு மேல் கொட்டுகின்றன. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அப்படி ஏறக்குறைய 380 மேட்டூர் அணைகளை நிரப்பி ஒரே வருடத்தில் கடலில் திறந்துவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. இது போகக் கடல்மேலேயே பெய்யும் மழை. பழந்தமிழில் கடலுக்கு முந்நீர் என்று ஒரு பெயர் உண்டு. ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர் மூன்றும் சேர்ந்தது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். எந்தக் கடலைப் பார்த்து வைத்த பெயரோ, வங்கக்கடலுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

உப்பு கூடக்குறைய இருந்தால் என்ன ஆகும் என்பதை எனக்கு முதலில் காட்டியவர் எங்கள் தெருவில் இருந்த தண்டல் தாத்தா. தோணி ஓட்டியவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, கொச்சி, மாலத்தீவு என்று பாய் கட்டிப் போனவர். "கொச்சிக் காயலுக்குள்ள ஐப்பசி மழையில சரக்கு ஏத்துனா தோணி நாலு விரல் கூடத் தாழ்ந்து நிக்கும் தம்பி, பயப்படக் கூடாது. வெளிக்கடலுக்கு வந்தா அது தானா எழும்பிக்கும்" என்பார். மழைக்காலத்தில் கொச்சிக் காயலில் பெரியாற்று வெள்ளம் நிறைந்து கிட்டத்தட்ட நல்ல தண்ணீர்தான். நல்ல தண்ணீர் ஒரு கன மீட்டர் 1,000 கிலோ, கடல் தண்ணீர் 1,025 கிலோ. மூன்று மீட்டர் ஆழம் முங்கும் தோணிக்கு அந்த இரண்டரை சதவீதம் ஏழு சென்டிமீட்டர், ஏழரை சென்டிமீட்டர் வரும். நாலு விரல்தான், அவர் சொன்னது சரி. பெரிய கப்பல்களின் பக்கவாட்டில் ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடுகள் வரைந்திருப்பதைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். நல்ல தண்ணீருக்கு ஒரு கோடு, வெப்பக்கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று அது போகும். என் அப்பாவின் கண்ணாடிக் குழாயும் அந்தக் கப்பலும் ஒரே சாமான்தான். மிதந்து காட்டி அளவு சொல்கின்றன.

தண்ணீரின் கனத்தை உப்பு மட்டும் முடிவு செய்வதில்லை, சூடும் செய்கிறது. சூடேறினால் இலேசு, குளிர்ந்தால் கனம். ஆனால் நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் ஒரு கிராம் உப்பு கூடுவதும் இரண்டு டிகிரிக்கு மேல் குளிர்வதும் கனத்தில் ஏறக்குறைய சமம். அதாவது நாலு கிராம் உப்பு குறைந்த தண்ணீர், கீழே இருக்கும் தண்ணீரைவிட எட்டு ஒன்பது டிகிரி குளிராகவே இருந்தாலும் மேலேதான் மிதக்கும். வடக்கு வங்கக்கடலில் மார்கழி, தை மாதங்களில் நடப்பதே இதுதான். ஆற்றுத் தண்ணீர் கலந்த மேல்தட்டு வாடைக்காற்றில் குளிர்ந்து கிடக்கும். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடுதல் சூட்டோடு இருக்கும். மேலே குளிர், கீழே சூடு. குளத்தில் இப்படி நிற்கவே நிற்காது, ஒரு நிமிடத்தில் புரண்டுவிடும். இங்கே உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த மேல்தட்டின் தடிமன் பத்து மீட்டர், இருபது மீட்டர். அதற்கடியில் மூவாயிரம் மீட்டர் கடல். ஆனால் வானத்தோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வது அந்த மெல்லிய மூடிதான்.

தண்ணீருக்கு வெப்பத்தைத் தாங்கும் சக்தி அவ்வளவு அதிகம். கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றச் செலவாகும் வெப்பத்தில் அதற்கு மேலுள்ள காற்று முழுவதையும், தரையிலிருந்து வான் எல்லை வரை, ஒரு டிகிரி சூடேற்றிவிடலாம். ஆகவே மழை பெய்யுமா, புயல் வருமா என்பதைக் கடல்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பருவமழை ஆய்வாளர் சுலோச்சனா காட்கிலும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1984-இல் ஒன்றைக் காட்டினார்கள். இந்தியப் பெருங்கடலில் மேல்தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டிய இடத்தில்தான் மழைமேகம் திரளாக எழும்புகிறது. இப்போது இரண்டு கடலையும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் இரண்டுமே 28-க்கு மேல். தென்மேற்குப் பருவக்காற்று வந்து அடித்ததும் அரபிக்கடல் கலங்குகிறது, அடித் தண்ணீர் மேலே வருகிறது, சோமாலியாக் கரையோரம் குளிர்ந்த தண்ணீர் பொங்குகிறது, வெப்பம் 28-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. வங்கக்கடல் அப்படி இறங்குவதில்லை. மேலே நல்ல தண்ணீர் மூடி இருக்கிறதே, காற்று அதைக் கிழித்துக் கீழே கலக்க நிறையப் பாடுபட வேண்டும். அதனால் ஆனி, ஆடி, ஆவணி முழுக்க அங்கே தாழ்வுநிலை ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி வட இந்தியாவுக்கு மழையாகப் போகிறது. அந்த மழை கங்கையில் இறங்கி மறுபடி வங்கக்கடலுக்கே வந்து மூடியைத் தடிமனாக்குகிறது. மழை மூடியை உண்டாக்க, மூடி மழையை உண்டாக்க, இந்தச் சுற்றைக் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 2002-இல் கணக்கோடு எழுதியதை முதல்முறை படித்தபோது ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

புயலிலும் இதே கதைதான், ஆனால் இங்கே அது நமக்குக் கெடுதல். சாதாரணமாகப் புயல் தன் பசியைத் தானே அடக்கிக்கொள்ளும். காற்று கடலைக் கடைந்தால் குளிர்ந்த அடித் தண்ணீர் மேலே வரும், புயலுக்கு வெப்பம் கிடைக்காமல் கொஞ்சம் தளரும். அரபிக்கடலில் புயல் போன தடத்தில் மேல்தண்ணீர் பல டிகிரி குளிர்ந்திருப்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். பருவமழைக்குப் பிந்தைய வடக்கு வங்கக்கடலில் பல புயல்கள் போன தடத்தில் ஒரு டிகிரிகூடக் குறைவதில்லை. மூடி கலங்குவதில்லை, கலங்கினாலும் அடியிலிருந்து வருவது சூடான தண்ணீராகவே இருக்கிறது. புயலுக்குச் சோறு குறையாத பந்தி. ஐப்பசி, கார்த்திகையில் வரும் புயலைப் பற்றி யாராவது பேசினால் காற்றைப் பற்றியும் அழுத்தத்தைப் பற்றியும் மட்டும் பேசுகிறார்கள். தண்ணீரின் உப்பைப் பற்றியும் பேச வேண்டும் என்று நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூடிக்கு இன்னொரு விலையும் உண்டு. ஆழத்தில் கிடக்கும் சத்து மேலே வந்தால்தான் பாசி வளரும், பாசி வளர்ந்தால்தான் மீன். வங்கக்கடலில் அந்தச் சத்து மேலே வர மூடி விடுவதில்லை. அரபிக்கடலோடு ஒப்பிட்டால் இங்கே விளைச்சல் குறைவு. நம் கரையில் ஆனி, ஆடியில் தெற்கேயிருந்து காற்று கரையை ஒட்டி அடிக்கும்போது மேல்தண்ணீர் கரையை விட்டு விலகிப் போய், அந்த இடத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் அடியிலிருந்து எழும்புவது உண்டு. காற்று வடக்கே தள்ள, தண்ணீர் ஏன் கிழக்கே நகர்கிறது? பூமி சுழல்வதால். நான்சென் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர் 1893-இல் பிராம் என்ற கப்பலை வடதுருவப் பனியில் உறையவிட்டு மிதந்தபோது, பனி காற்றடிக்கும் திசையில் போகாமல் வலப்பக்கம் விலகிப் போவதைக் கவனித்தார். எக்மன் என்பவர் 1905-இல் அதற்குக் கணக்குப் போட்டார். துருவத்துப் பனிக்குப் போட்ட அந்தக் கணக்கு மெரினாவிலும் செல்லும்.

இனி நீவாடு. கடலுக்குள் ஓடும் ஓட்டத்துக்கு எங்கள் ஊர் மீனவர்கள் சொல்லும் பெயர். நீவாடு தெரியாமல் வலை விட முடியாது. வலை எந்தப் பக்கம் விரியும், எங்கே போய் ஒதுங்கும் என்பதெல்லாம் அதன் கையில். தமிழ்நாட்டுக் கரையோரம் இது வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறும். மாசி, பங்குனியில் தெற்கிலிருந்து வடக்கே பலமாக ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடக்கிலிருந்து தெற்கே. அட்லாண்டிக்கின் வளைகுடா ஓட்டமும் (கல்ஃப் ஸ்ட்ரீம்) ஜப்பான் பக்கத்துக் குரோஷியோ ஓட்டமும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருப்பவை, இப்படிப் பருவத்துக்குப் பருவம் திரும்பி ஓடும் கரையோட்டம் வட இந்தியப் பெருங்கடலின் தனிக்குணம்.

இந்த ஐப்பசி நீவாடு என்ன சுமந்து வருகிறது என்பது தெரிந்தது மிக எளிமையான ஒரு வேலையால். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் வரும். கப்பலில் போய் அளப்பது பெரிய செலவு, ஒரு கப்பல் ஓரிடத்தைக் கடந்து போனால் மறுபடி அங்கே வர மாதக்கணக்காகும். கோவா நிறுவனத்தார் 2005 மே மாதம் முதல் இந்தியக் கரையில் எட்டு இடங்களில் மீனவர்களிடமே பாட்டிலைக் கொடுத்தார்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, ஒரு பாட்டில் பிடித்து மூடி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆழ்கடலில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது முழங்கால் தண்ணீர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. வருடக்கணக்கில் சேர்ந்த அந்தப் பாட்டில்களை வைத்து 2014-இல் கட்டுரை வந்தது. தென்மேற்குப் பருவமழை முடியும்போது வடக்கே கடலின் உப்பு கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் குறைகிறது. அந்த உப்புக் குறைந்த தண்ணீர் கலைந்து பரவிவிடாமல், கரையை ஒட்டி நூறு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நாடா மாதிரி தெற்கே இறங்கி, இரண்டரை மாதத்தில் தீபகற்பத்தின் தென்முனைக்கு வந்து சேர்கிறது. கடலுக்குள் ஓர் ஆறு என்று அந்தக் கட்டுரைக்காரர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். இமயமலையில் ஆவணியில் பெய்த மழை கார்த்திகையில் மாமல்லபுரத்தைக் கடந்து போகிறது. அதன் ஒரு பங்கு இலங்கையைச் சுற்றிக்கொண்டு அரபிக்கடலின் தென்கிழக்கு மூலை வரைக்கும் போகிறது.

தனுஷ்கோடி முனையில் நின்றால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் பத்து மீட்டர்கூடத் தேறாத ஆழமற்ற தண்ணீர், கோடையில் வெயிலில் சுண்டி உப்பு கூடும், வாடைக்காலத்தில் அந்தக் கடலாறு உள்ளே புகுந்து உப்பு குறையும். பாம்பன் கால்வாயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தெற்கே இழுக்கும் மாதமும் வடக்கே இழுக்கும் மாதமும் அங்கே தூண்டில் போடும் பையனுக்குக்கூடத் தெரியும்.

மாணவனாக இருந்தபோது ஒருமுறை ஆராய்ச்சிக் கப்பலில் வங்கக்கடலுக்குள் போனேன். ஓர் இரும்பு வளையத்தைச் சுற்றி ஆளுயரப் பாட்டில்கள், நடுவில் உப்பையும் சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கும் கருவி. அதைக் கம்பியில் கட்டி 2,000 மீட்டர் வரை இறக்கினார்கள். கூடவே ஒரு வலைப்பையில் நாங்கள் பெயர் எழுதிய தெர்மோகோல் டம்ளர்களையும் கட்டிவிட்டோம், எல்லாக் கப்பலிலும் மாணவர்கள் செய்வதுதான். திரையில் கோடு கீழே இறங்க இறங்க நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் பதினைந்து மீட்டர் உப்புக் கோடு நேராக நின்றது, பிறகு சடாரென்று வலப்பக்கம் தாவியது. ஏணி வைத்து ஏறலாம் போலிருந்தது அந்தப் படி. மூடியை நான் கண்ணால் பார்த்த நாள் அது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கருவி மேலே வந்தது. மேல்தளத்தில் வெயில் கொளுத்துகிறது, கடல் மேல்தண்ணீர் 29 டிகிரி. அடிப் பாட்டிலின் குழாயைத் திறந்து கையில் பிடித்தேன், ஐஸ் தண்ணீர். 3 டிகிரி. டம்ளர்கள் இருநூறு மடங்கு காற்றழுத்தத்தில் நசுங்கிக் கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கியிருந்தன, எழுத்துகள் மட்டும் பொடிப்பொடியாக அப்படியே.

அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே வாசல் கிடையாது, ஆசியாக் கண்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆழத்துக் குளிரெல்லாம் தெற்கேயிருந்து வந்ததுதான். அண்டார்டிகா ஓரத்தில் கடல் உறையும்போது பனியில் உப்பு சேர்வதில்லை, நல்ல தண்ணீர் மட்டும் உறைய, உப்பு வெளியே தள்ளப்படுகிறது. மிச்சத் தண்ணீர் உப்பேறிக் கனத்து அடிக்கு இறங்கி, கடல்தரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஊர்கிறது. வழியெல்லாம் மற்றத் தண்ணீரோடு கலந்து, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நடந்து வங்கக்கடலின் ஆழத்துக்கு வருகிறது. அப்பா பாத்தியில் வெயிலால் செய்ததை அங்கே குளிர் செய்கிறது. தண்ணீரை எடுத்துவிடு, உப்பை விட்டுவிடு.

போன வருடம் கார்த்திகையில் சென்னையில் மழை விட்ட ஒரு காலை, மீனவர் ஒருவரோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நானும் ஒரு பாட்டில் பிடித்தேன். வீட்டில் ஏற்கெனவே இன்னொரு பாட்டில் இருந்தது, வைகாசியில் தூத்துக்குடியில் அளத்து ஓடையில் பிடித்து மெழுகு வைத்து அடைத்தது. இரண்டையும் ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பா வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. கண்ணாடிக் குழாய் மட்டும் அதே வேட்டித் துணியில் அலமாரியில் இருந்தது. தகரக் குவளையில் முதலில் ஊர்த் தண்ணீர். குழாய் முங்கி எழுந்து 3-க்கு ஒரு நூல் மேலே நின்றது. கழுவித் துடைத்து, அடுத்தது சென்னைத் தண்ணீர். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குவளையை முகத்துக்கு நேராகத் தூக்கி, வெகுநேரம் பார்த்தார். இரண்டரைக்கும் மூணுக்கும் நடுவே நின்றது.

"இது எங்க பிடிச்சது?"

சொன்னேன். கங்கைத் தண்ணீர் கலந்தது என்றும் சொன்னேன். அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"எட்டுக் குடம் இறைக்கிற எடத்துல ஒம்பது குடம் இறைக்கணுமேல. அங்க எப்படி அளம் போட்டான்?"